மாதம்மாள் பின்னால் வந்த வண்டி

கூளியனள்ளிக்கு வந்து சேராதது என்று ஒன்றும் கிடையாது. பஸ் வந்தது, கரண்ட் வந்தது, ஓட்டுக் கேட்க எல்லாக் கட்சியும் வந்தது, ஒருமுறை காட்டிலிருந்து வழிதவறிய யானைகூட வந்து பஞ்சாயத்துத் தொட்டியில் தண்ணீர் குடித்துவிட்டு வந்த வழியே போனது; மழைதான் நினைத்தால் வரும், நினைக்காவிட்டால் வராது. ஆகவே சித்திரை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், ஓட்ட ஆளில்லாமல், சாவியில்லாமல், டேங்கில் ஒரு சொட்டுப் பெட்ரோல் இல்லாமல், புத்தம்புதிய சிவப்பு மோட்டார் சைக்கிள் ஒன்று பதினான்கு கிலோமீட்டர் உருண்டு வந்து மாதம்மாள் வீட்டு வாசலில் நின்றபோது, அது எப்படி வந்தது என்று எங்களில் யாரும் கேட்கவில்லை. யாருடையது என்றுதான் கேட்டோம்.

மாதம்மாளைப் பற்றிச் சொல்லாமல் வண்டியைப் பற்றிச் சொல்ல முடியாது. தர்மபுரிப் பக்கத்தில் ஆழ்துளைக் கிணற்றுப் போர் மோட்டார் பழுது பார்க்கிற ஒரே பெண்பிள்ளை அவள்தான் என்று நாங்கள் சொல்லிக்கொள்வோம். மறுக்கிறவர்கள் இன்னொருத்தியைக் கொண்டுவந்து காட்டட்டும். அறுநூறு அடிக்குக் கீழே எரிந்து கிடக்கிற மோட்டாரைக் கப்பியும் கயிறும் கட்டி மேலே ஏற்றி, பிரித்து, செம்புக் கம்பியைச் சுற்றுச் சுற்றாக எண்ணிப் புதிதாகச் சுற்றி, மறுபடி உள்ளே இறக்கிவிட்டால், ஐந்து வருஷத்துக்கு அந்தப் போர்ப் பக்கம் யாரும் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை. வயது நாற்பத்திரண்டு. புருஷன் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது, அந்தக் கட்டடம் இன்னும் முடியவில்லை போலிருக்கிறது. அவனைப் பற்றி அவள் ஒரு வார்த்தை குறையாகச் சொன்னதில்லை, ஒரு வார்த்தையும் சொன்னதில்லை.

அவள் கை ராசியான கை. எங்கள் ஊரில் இது பேச்சுக்குச் சொல்வதில்லை. சந்தையில் வாங்கிய மாட்டுக்கு முதல் கயிறு கட்டுவது அவள் கை, விதைக்கடலையில் முதல் பிடி எடுத்துக் கொடுப்பது அவள் கை, புதுப் போரில் முதல்முதல் ஸ்விட்ச் போடுவதும் அவள் கைதான். அதனால் பாங்கிலும் கூட்டுறவுச் சங்கத்திலும் ஆட்டுக்கு, மாட்டுக்கு, பைப்புக்கு, மகள் கல்யாணத்துக்கு என்று யார் கடனுக்கு எழுதிக் கொடுத்தாலும், ஜாமீன்தாரர் என்று போட்டிருந்த இடத்தைக் காட்டி, "ஒரு கையெழுத்துப் போடு மாதம்மா, உன் கை பட்டா வெளங்கும்" என்று அவளிடம்தான் வந்து நின்றோம். கடன் வாங்கினவன் கட்டாவிட்டால் நான் கட்டுகிறேன் என்பதற்குப் பெயர்தான் ஜாமீன் என்பது எங்களுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். ஆனால் நாங்கள் அதை மாட்டுக்குக் கட்டுகிற முதல் கயிறு மாதிரிதான் நினைத்தோம். அப்படிப் பத்தொன்பது பேருக்குப் போட்டாள். தனக்கென்று ஒரு பைசா கடன் வாங்கியதில்லை. பிறகு இரண்டு வருஷம் தொடர்ந்து மழை இல்லை, பத்தொன்பது பேரும் தவணை தவறினோம், மழை வந்த பிறகு முன்னே பின்னே கட்டியும் முடித்தோம், மறந்தும் போனோம். கம்ப்யூட்டர் மறக்கவில்லை.

இது எங்கள் யாருக்கும் தெரியாது. வண்டி வந்ததற்கு முந்தின நாள், திங்கட்கிழமை, பென்னாகரம் ரோட்டில் இருக்கிற ஷோரூமுக்கு அவள் போனபோதுதான் அவளுக்கே தெரிந்தது.

போனதற்குக் காரணம் உண்டு. கப்பி, கயிறு, ஸ்பானர் பை எல்லாம் சேர்ந்து முப்பது கிலோ. அதைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினால் கண்டக்டர் முறைப்பார். இல்லாவிட்டால் மோட்டார் எரிந்த வீட்டுக்காரர் வண்டி அனுப்பி அழைத்துப் போக வேண்டும், வேலை முடிந்தபின் கொண்டுவந்து விட வேண்டும். அழைக்க வரும்போது இருக்கிற அவசரம் கொண்டுவிடும்போது இருக்காது. எத்தனையோ சாயங்காலம் அவள் அடுத்தவர் களத்தில் பையின் மேல் உட்கார்ந்து, "யாராவது போறீங்களாங்க?" என்று கேட்டிருக்கிறாள். அந்தக் கேள்வியை இனி கேட்கக்கூடாது என்று முடிவு செய்துதான் பாதிப் பணத்தை முடிச்சில் கட்டிக்கொண்டு மீதிக்குக் கடன் கேட்கப் போனாள்.

சிவப்பு வண்டியில் ஒரு தடவை ஏறி உட்கார்ந்து பார்த்தாள். டேங்கைத் தட்டிப் பார்த்தாள். எஞ்சினுக்குப் பக்கத்தில் குனிந்து, மோட்டாரிடம் காது வைத்துக் கேட்பதுபோலக் கொஞ்ச நேரம் கேட்டாள். பிறகு இறங்கி, லோன் பார்க்கிற பையன் தீர்த்தகிரியின் மேஜைக்கு எதிரே உட்கார்ந்தாள். அவன் ஆதாரை வாங்கிக் கம்ப்யூட்டரில் போட்டான். திரையில் ஒரு முள் சிவப்புப் பக்கம் சாய்ந்து நின்றது.

"மேடம், நானூத்தி எண்பத்தாறு காட்டுது."

"என்ன நானூத்தி எண்பத்தாறு?"

"உங்க ஸ்கோர் மேடம். தொள்ளாயிரத்துக்கு. வாங்குன கடனை ஒழுங்கா கட்டுறீங்களான்னு போடுற மார்க். அறுநூத்தி அம்பதுக்கு மேல இருந்தாத்தான் எங்க கம்பெனி குடுக்கும்."

"நான் கடனே வாங்குனதில்லயே தம்பி. சோத்துக்கு உப்பு இல்லன்னாக்கூட யார் வாசல்லயும் போய் நின்னதில்ல."

"கம்ப்யூட்டர் அப்படித்தான் சொல்லுது மேடம். வேற யார் பேர்லயாவது எடுத்துக்குங்க. உங்க வீட்ல நல்ல ஸ்கோர் உள்ளவங்க யாரும் இல்லையா?"

மாதம்மாள் எழுந்தாள். முடிச்சை இறுக்கிக்கொண்டாள். வெளியே போகும்போது சிவப்பு வண்டியைத் திரும்பிப் பார்க்கவில்லை என்றுதான் தீர்த்தகிரி பிற்பாடு சொன்னான். வண்டிதான் பார்த்திருக்க வேண்டும்.

மறுநாள் காலை ஷோரூம் கேட்டைத் திறந்து வாசல் பெருக்கிக்கொண்டிருந்த வாட்ச்மேன், சிவப்பு வண்டி ஒன்று தன்னைத் தாண்டிப் போவதைப் பார்த்து, மேனேஜர் டெஸ்ட் டிரைவ் போகிறார் என்று நினைத்து நிமிராமலே வணக்கம் வைத்திருக்கிறார்.

எங்கள் ஊரில் வழிதப்பி வந்த மாட்டுக்கு ஒரு முறை இருக்கிறது. புதுக்கயிறு போட்டுக் கட்ட வேண்டும், தண்ணீர் காட்ட வேண்டும், தீவனம் வைக்க வேண்டும், கோயில் மைக்கில் அடையாளம் சொல்லி அறிவிக்க வேண்டும். உரியவன் வந்தால் தீவனச் செலவை வாங்கிக்கொண்டு ஒப்படைக்க வேண்டும். மோட்டார் சைக்கிளுக்கென்று தனி முறை எதுவும் இல்லாததால் இதையே செய்தோம். புதுக்கயிறு வாங்கிப் பின்பக்கக் கம்பியில் கட்டினோம். ஈரத்துணியால் துடைத்தோம். தின்னாது என்று தெரிந்தாலும், கூளியனள்ளியில் தீவனம் வைக்கவில்லை என்ற பேச்சு வரக்கூடாது என்பதற்காக ஒரு கட்டு ராகித்தட்டை முன்சக்கரத்தின் பக்கத்தில் வைத்தோம். "சிவப்பு நிறம், நம்பர் இல்லை, இடது பக்கக் கண்ணாடியில் பிளாஸ்டிக் உறை பிரிக்கவில்லை" என்று மைக்கில் மூன்று தடவை சொன்னோம். மத்தியானம் ஷோரூம் ஆட்கள் மினிலாரியோடு வந்தபோது, கயிறு, தட்டு, மைக் செலவு மூன்றுக்கும் சேர்த்துப் பஞ்சாயத்துத் தலைவர் நூற்றெண்பது ரூபாய் கேட்டு, ரசீதும் கொடுத்தார்.

வியாழக்கிழமை அது மறுபடி வந்தது. ஹேண்டில் பூட்டியிருந்தார்கள், அதனால் கழுத்தை இடது பக்கம் திருப்பினபடியே, ஒவ்வொரு வளைவிலும் சுற்றிச் சுற்றி, பத்து மணிக்குத்தான் வந்து சேர்ந்தது. சனிக்கிழமை தூணில் கட்டின சங்கிலியை இழுத்துக்கொண்டு வந்தது. சங்கிலியைத் தனியாக எடைபோட்டு, பொருள் ஒன்று, சங்கிலி ஒன்று என்று எழுதிக் கொடுத்தனுப்பினோம். ஷோரூம் முதலாளி கெட்டிக்காரர். அடுத்த வாரமே எண்ணூற்றுப் பன்னிரண்டு மார்க் வைத்திருந்த ஓர் அரூர் மாப்பிள்ளைக்கு அதை விற்றுவிட்டார். மாலை போட்டு, சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்கி, வீடு சேர மட்டும் பெட்ரோல் ஊற்றி, மாப்பிள்ளை அதை ஓட்டிப்போனான். மறுநாள் காலை மாலையோடு எங்கள் ஊரில் நின்றது. எண்ணூற்றுப் பன்னிரண்டும் நானூற்று எண்பத்தாறும் அதற்கு ஒன்றுதான் போலிருக்கிறது.

"இனிமே லாரிக்குக் குடுக்க முடியாது, அங்கேயே நிக்கட்டும்," என்று, மாப்பிள்ளைக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்ட முதலாளி போனில் சொல்லிவிட்டார். அப்படியாக அது மாதம்மாள் வாசலில் நின்றது.

நின்றது என்று சொல்வதும் தப்பு. அவள் கப்பியும் பையும் தூக்கிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தால், பத்தடி விட்டு அதுவும் பின்னால் உருளும். அவள் பஸ் ஏறினால் பஸ்ஸின் பின்னால் உருளும். கண்டக்டர் முதல் இரண்டு நாள் அதற்கு லக்கேஜ் டிக்கெட் போடுவதா வேண்டாமா என்று குழம்பி, பஸ்ஸுக்குள்ளே ஏறாதவரை நமக்குச் சம்பந்தமில்லை என்று டெப்போவில் கேட்டுத் தெரிந்துகொண்டார். வேலை நடக்கிற தோட்டத்தில் அது போய் வேப்பமரத்து நிழலில் நிற்கும். நாய்கள் முதலில் குரைத்தன, பிறகு அதன் நிழலில் படுத்தன. சிலர் நல்ல எண்ணத்தில் அவளுடைய கயிற்றை எடுத்து அதன் மேல் வைப்பார்கள். அவள் வந்து எடுத்துத் தோளில் போட்டுக்கொள்வாள்.

"யாரு வண்டிம்மா இது, உன் பின்னாலயே வருது?" என்று ஒவ்வோர் ஊரிலும் கேட்டார்கள்.

"ஷோரூம்காரங்களுது," என்பாள்.

அந்த ஒரு பதிலைச் சொல்லும்போது மட்டும் அவள் முகம் சுருங்கும். பார்த்திருக்கிறோம். வெயிலில் அவள் முன்னால் சுமையோடு நடக்க, சுமக்கவே பிறந்த வண்டி காலியாகப் பின்னால் வர, அந்தச் சித்திரையும் வைகாசியும் எங்களுக்கே வயிறு எரிந்தது. ஏறினால் என்ன? யார் கேட்கப் போகிறார்கள்? ஆனால் மாதம்மாளிடம் போய் அதைச் சொல்கிற தைரியம் ஊரில் யாருக்கும் இல்லை.

அவளுடைய தம்பி சென்றாயனுக்கு இருந்தது. அரசுப் பள்ளிக்கூடத்தில் அட்டெண்டர் வேலை. மாதச் சம்பளம், எழுநூற்றுத் தொண்ணூறு மார்க்.

"அக்கா, என் பேர்ல எடுத்துடலாம். நீ மாசம் என்கிட்ட குடு. வண்டி என்னவோ உன்கிட்டதான இருக்கப்போவுது?"

"வண்டி உன் பேர்ல, புழுதி என் பேர்லயா?" என்றாள் மாதம்மாள். "போயி சாப்புடு. களி ஆறுது."

அப்புறம் அந்தப் பத்தொன்பது பேரில் சிலர் சேர்ந்து, ஆளுக்குக் கொஞ்சம் போட்டு ரொக்கமாகவே வாங்கிக் கொடுத்துவிடலாம் என்று பேசினோம். பேசினது அவள் காதுக்குப் போனது. ஒரு வாரம் எங்கள் யார் மோட்டாரையும் அவள் தொடவில்லை. பேச்சை விட்டுவிட்டோம்.

ஆனி பிறந்தபோது ஷோரூம் முதலாளியே தீர்த்தகிரியைக் கூட்டிக்கொண்டு காரில் வந்தார். வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார். முள் கீறியிருந்தது, செம்மண் ஏறியிருந்தது, சீட்டில் கோழி உட்கார்ந்திருந்தது.

"எடுத்துக்கம்மா," என்றார். "ஒரு ரூபா வேணாம். இதைப் பத்தி ஊரெல்லாம் பேசிப் பேசி மத்த வண்டி விக்கல. என் தலைவலி தீர்ந்தா போதும். பேப்பர் எல்லாம் நானே போட்டுத் தரேன்."

நாங்கள் எல்லாரும் அங்கேதான் இருந்தோம். எழுபது பேராவது இருப்போம். இந்த ஒரு தடவையாவது சரி என்று சொல்லிவிடு தாயே என்று எங்கள் குலதெய்வத்தை எல்லாம் வேண்டிக்கொண்டோம். மாதம்மாள் கையில் இருந்த செம்புக் கம்பியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றாள்.

"சும்மா குடுத்தா வேணாங்க. பேய் புடிச்ச வண்டிய அவ தலையில கட்டிட்டாங்கன்னு ஊரு சொல்லும். சொல்லாட்டியும் எனக்குத் தெரியும். எனக்கு லோன் குடுங்க. மாசாமாசம் அஞ்சாந்தேதி கட்டுறேன். கட்டுனாள்னு என் பேருக்கு நேரா எழுதுங்க. என் பேர் மேல ஏதோ அழுக்கு கெடக்குதுன்னு உங்க மெசினு சொல்லுச்சில்ல, அது போவணும். வண்டி அப்புறம்."

முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டு காரில் போய் உட்கார்ந்தார். உலகத்தில் இனாமை மறுத்துக் கடன் கேட்கிற ஆளை அவர் அன்றுதான் பார்த்தார், நாங்களும்தான். அவர் காருக்குள் இருந்தபடியே தலையை மட்டும் நீட்டி, "மெசினு சொன்னா நான் என்னம்மா செய்யறது?" என்றார். அப்போது தீர்த்தகிரி ஒரு காரியம் செய்தான். அன்றைக்கு மார்க்கை மட்டும் காட்டி அனுப்பினவன், இன்று பையிலிருந்து பதினோரு பக்கக் காகிதத்தை எடுத்து அவளிடம் கொடுத்தான்.

"அக்கா, இதுதான் உங்க ரிப்போர்ட்டு. அந்த மார்க்கு எதனால வந்ததுன்னு இதுல இருக்கு. நான் அன்னிக்கே படிச்சிப் பாத்துச் சொல்லியிருக்கணும். என் தப்பு."

மேடம் போய் அக்கா வந்ததை எல்லாரும் கவனித்தோம்.

காகிதத்தில் ஆள் பெயர் எதுவும் இல்லை, தொகையும் தேதியும்தான். மாதம்மாள் விரல் வைத்துப் படித்தாள். "நாப்பதாயிரம், ஆவணி மாசம். இது அரசங்காட்டார் வாங்குன செவல மாடு. அறுவதாயிரம், தை மாசம். இது கோவிந்தன் மவ கல்யாணம். இருவத்தஞ்சு, இது பச்சையம்மா ஆடு." பக்கம் பக்கமாகப் புரட்டினாள். எங்கள் மாடுகளும் ஆடுகளும் கல்யாணங்களும் பைப்புகளும் வரிசையாக வந்தன. ஒவ்வொன்றுக்கும் நேராக, தவணை தவறியது, தவணை தவறியது, தவணை தவறியது என்று சிவப்பில் எழுதியிருந்தது. எங்கள் பத்தொன்பது பேருடைய வறட்சி முழுவதும் அவள் ஒருத்தி பேரில் கிடந்தது. அரசங்காட்டார் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். எங்களுக்கு வெட்கமாக இருந்தது, அதை மறைக்கவும் இடமில்லை.

"எல்லாம் கட்டியாச்சே மாதம்மா," என்றார் அவர்.

"கட்டுனது உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். இதுக்குத் தெரியலயே."

"பாக்கி இல்லன்னு பாங்குல ஒரு சீட்டு குடுப்பாங்க அக்கா," என்றான் தீர்த்தகிரி. "பத்தொன்பது சீட்டும் வந்துட்டா அனுப்பித் திருத்தச் சொல்லலாம். ஜாமீன் போட்ட கடன் எல்லாம் முடிஞ்சதுன்னு ஏறிட்டா மார்க்கும் ஏறும்."

மாதம்மாள் எங்களைப் பார்த்தாள். வாழ்க்கையில் எங்களிடம் ஒன்றும் கேட்டிராதவள். காகிதத்தை மடித்து வைத்தாள்.

"பணம் வேணாம். சீட்டு வாங்கிட்டு வாங்க."

அந்த ஆனி முழுவதும் கூளியனள்ளி பாங்குக்கு நடந்தது போல எந்தக் கோயிலுக்கும் நடந்ததில்லை. காலைப் பஸ்ஸில் பாதி ஊர் ஏறும். பதினான்கு பேருக்குக் கணக்கு முடிந்திருந்தது, சீட்டுத்தான் யாரும் வாங்கவில்லை. ஐந்து பேருக்கு முந்நூறும் எண்ணூறுமாக வட்டி மிச்சம் நின்றிருந்தது, அதை அங்கேயே கட்டினார்கள். ஒரு கிளையில் மேனேஜர் லீவு, ஒரு கிளையில் பிரிண்டர் ரிப்பேர். கோவிந்தன் தன் மகளையும் மருமகனையும் பேரனையும் கூட்டிப்போய், கல்யாணம் நன்றாக நடக்கிறது என்பதற்கும் சேர்த்து அத்தாட்சி காட்டினார்.

பதினெட்டுச் சீட்டு வந்துவிட்டது. கடைசியாக நின்றது பச்சையம்மா. ஆடு மேய்க்கிற கைம்பெண், கையெழுத்துத் தெரியாது, அவள் கடன் வாங்கின கிளையை வேறொரு கிளையோடு சேர்த்துவிட்டார்கள், பழைய ஃபைல் கிடைக்கவில்லை. நாளை வா என்றார்கள். நாளை போனாள். நாளை வா என்றார்கள். நான்காம் நாள் அவள் தன் கிழட்டுப் பெண்ணாட்டையும் பிடித்துக்கொண்டு போய் மேனேஜர் அறைக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

"இதென்ன பாட்டி, ஆட்டையெல்லாம் உள்ள கூட்டி வரீங்க?"

"கடன் இதுக்குத்தானே சாமி குடுத்தீங்க. நான் சொன்னா நம்ப மாட்டேங்கறீங்க. ஆடே வந்து சொல்லட்டும்."

ஆடு என்ன சொன்னதோ, மூன்று மணிக்குள் ஃபைல் கிடைத்தது. பச்சையம்மா சீட்டை முந்தானையில் நான்காக மடித்துக் கட்டி, பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் ஆட்டோடு எட்டுக் கிலோமீட்டர் நடந்தே வந்து மாதம்மாள் கையில் வைத்தாள். வைத்துவிட்டு அழுதாள். மாதம்மாளும் அழுதாள், ஆனால் வேறு பக்கம் திரும்பிக்கொண்டு.

தீர்த்தகிரி பத்தொன்பதையும் அனுப்பினான். ஒரு மாதம் ஆயிற்று. ஆவணி முதல் வாரம் அவன் பைக்கை நிறுத்தாமலே தெருமுனையிலிருந்து கத்திக்கொண்டு வந்தான்: "அறுநூத்தி எண்பத்தொண்ணு! அக்கா, அறுநூத்தி எண்பத்தொண்ணு!"

எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மார்க் வாங்கினால் பஸ் நிறுத்தத்தில் பேனர் வைப்பது வழக்கம். அதே இடத்தில், அதே அளவில் வைத்தோம். கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு, சிரிக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிற முகத்தோடு மாதம்மாள் படம், கீழே, "தொள்ளாயிரத்துக்கு அறுநூற்று எண்பத்தொன்று பெற்ற எங்கள் ஊர்த் தங்கம், இவண், ஜாமீன் பெற்ற பத்தொன்பது பேர்" என்று எழுதி, எங்கள் பத்தொன்பது பேர் படத்தையும் சின்னதாகப் போட்டோம், பச்சையம்மா பக்கத்தில் ஆடு உட்பட. சென்றாயன் தன் எழுநூற்றுத் தொண்ணூறுக்கு யாரும் பேனர் வைத்ததில்லை என்று குறைப்பட்டுக்கொண்டான். அக்காவின் பேனரை அவன்தான் தினமும் துடைத்தான்.

லோன் வந்தது. ஜாமீன் தேவையில்லை என்று கம்பெனி சொல்லியும், பத்தொன்பது பேரும் ஷோரூமில் போய் வரிசையில் நின்றோம். மாதம்மாள் எங்களைக் கையமர்த்திவிட்டு, படிவத்தின் எல்லாப் பக்கத்தையும் ஒரு வரி விடாமல் படித்தாள். வட்டி எவ்வளவு, தாமதித்தால் எவ்வளவு என்று தீர்த்தகிரியை இரண்டு தடவை கேட்டாள். பிறகு பேனாவை வாங்கி, எங்களுக்கெல்லாம் போட்ட அதே கையால், முதல்தடவையாகத் தனக்குக் கையெழுத்துப் போட்டாள். இருபதாவது கையெழுத்து. நாங்கள் கை தட்டினதில் வாட்ச்மேன் ஓடி வந்தார்.

வண்டி அங்கேதான், கண்ணாடிக் கதவுக்கு வெளியே, அவள் பின்னால் வந்து நின்றுகொண்டிருந்தது. கழுவித் துடைத்து, நம்பர் எழுதி, சாவியைக் கொடுத்தார்கள். மாதம்மாள் சேலையைச் செருகிக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். சாவியைத் திருப்பினாள். பட்டனை அழுத்தினாள். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி அழுத்தினாள். நான்கு மாதம் மேடு பள்ளம் பார்க்காமல் தானாக உருண்ட வண்டி, இப்போது கல் மாதிரி நின்றது.

டேங்கைத் திறந்து பார்த்தவன் தீர்த்தகிரிதான். "அக்கா, பெட்ரோலே இல்ல!"

எங்களில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை பாருங்கள். இத்தனை நாள் பெட்ரோல் இல்லாமல் வந்ததுதானே என்று இருந்துவிட்டோம். சொந்தக்காரி கிடைத்துவிட்ட பிறகு அது எதற்குத் தானாக ஓடப்போகிறது? பங்க் ஒன்றரைக் கிலோமீட்டர். பத்தொன்பது பேரும் தள்ளுவதற்கு ஓடினோம்.

"யாரும் கைய வைக்காதீங்க," என்றாள். "என் வண்டி."

அவளே தள்ளினாள். பென்னாகரம் ரோட்டில், உச்சி வெயிலில், இரண்டு கையாலும் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு மாதம்மாள் வண்டியைத் தள்ளிக்கொண்டு போக, பத்தடி விட்டு நாங்கள் அத்தனை பேரும் பின்னால் நடந்தோம். அவள் பின்னால் நடப்பது இப்போது எங்கள் முறை. வழியில் இருந்த கடைக்காரர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். அவ்வளவு பெருமையாக எந்தத் தேருக்குப் பின்னாலும் நாங்கள் நடந்ததில்லை. பங்க்கில் முந்நூறு ரூபாய்க்குப் போட்டாள், ரசீது கேட்டு வாங்கினாள், பட்டனை அழுத்தினாள். வண்டி சத்தம் போட்டது. அதன் குரலை நாங்கள் அன்றுதான் கேட்டோம்.

மறுநாளே பாலக்கோட்டுப் பக்கம் ஒரு தோட்டத்தில் மோட்டார் எரிந்துவிட்டது என்று போன் வந்தது. கப்பியும் கயிறும் பையும் பின்னால் கட்டி, நடுவில் ஒரு கை உதவிக்குப் பச்சையம்மாவையும் உட்காரவைத்துக்கொண்டு மாதம்மாள் போனாள். ஊர் எல்லை தாண்டும்வரை பழக்கதோஷத்தில் நாலைந்து தடவை திரும்பிப் பின்னால் பார்த்தாளாம். பச்சையம்மா, "எதடி தேடற, அது மேலதான் உக்காந்திருக்கற," என்றாளாம். தோட்டக்காரர் வெளியூர் ஆள், புதிதாக நிலம் வாங்கியவர், எங்கள் கதை எதுவும் தெரியாதவர். வேலை பாதியில் இருக்கும்போது களத்திலிருந்து கூப்பிட்டார்.

"யாரு வண்டிம்மா இது, இங்க நிக்குது?"

மாதம்மாள் கயிற்றை விட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"என்னுது."

"சரிம்மா, கொஞ்சம் ஓரமா வையி. கடலை காயப்போடணும்."

அவள் போய், அவசரப்படாமல், வண்டியை வேப்பமர நிழலுக்கு உருட்டிக்கொண்டு வந்து நிறுத்தினாள். கடலைக் கூடையோடு அவர் பக்கத்தில் வந்ததும், அவர் ஒன்றும் கேட்காமலே, மறுபடி ஒரு தடவை சொன்னாள்.

"என்னுதுங்க. என் பேர்லதான் இருக்கு."